ஐந்தில் ஒன்று வந்தால் போதும்: பாரிஸ் முற்றுகையின் புறாத் தபால், 1870-71

பாரிஸில் குரெனெல் வீதி, தந்தித் துறையின் தலைமை அலுவலகம். 1870 டிசம்பர் மாதத்துக் குளிர். மேசைமேல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வாத்து இறகுக் காம்பு கிடக்கிறது. சற்று முன்புவரை அது ஒரு புறாவின் வால் இறகோடு, மெழுகு தடவிய பட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. ஊழியர் ஒருவர் பேனாக்கத்தியால் காம்பை நீளவாக்கில் கீறுகிறார். உள்ளே தீக்குச்சிப் பருமனுக்குச் சுருட்டி வைத்த மெல்லிய படலங்கள். சில சொட்டு அம்மோனியா விட்ட தண்ணீரில் அவற்றைப் போட்டதும் சுருள் தானாக மெல்ல விரிகிறது. எடுத்துக் காயவைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, மின்விளக்குப் பொருத்திய மாய விளக்கில் சொருகுகிறார். எதிர்த் திரையில் அச்செழுத்துகள் வரிவரியாகத் தெரிகின்றன. குமாஸ்தாக்கள் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தாள்கள் அப்புறம் வீடு வீடாகப் போகும்.

போர்ப் புறாக்கள் என்றாலே நமக்கு வந்து சேர்வது வீரக் கதைகள்தான். குண்டு பட்டும் பறந்தது, கால் போயும் சேதியைக் கொண்டு சேர்த்தது, பதக்கம் வாங்கியது. அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் பாரிஸ் கணக்கைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வேறு. முற்றுகையின்போதும் அது முடிந்த கையோடு வந்த சில நாட்களிலும் பாரிஸை நோக்கிப் பறக்கவிட்ட புறாக்கள் 302. வந்து சேர்ந்தவை 59. ஐந்துக்கு ஒன்று! இன்று ஒரு கூரியர் கம்பெனி ஐந்து கவரில் நாலைத் தொலைத்தால் சும்மா விடுவோமா? இப்படி ஒரு தூதனை நம்பி, இருபது லட்சம் பேர் அடைபட்டுக் கிடந்த நகரத்துக்கு நாலு மாதம் தபால் ஓடியது. அது எப்படி முடிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அடைபட்ட நகரம்

1870 ஜூலையில் பிரான்ஸ், ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாமீது போர் தொடுத்தது. ஆறேழு வாரத்துக்குள், செப்டம்பர் 2 அன்று, செதான் நகரில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தன் படையோடு எதிரியிடம் சரணடைந்தார். இரண்டே நாளில் பாரிஸில் குடியரசு அறிவித்தார்கள். செப்டம்பர் 19-க்குள் பிரஷ்யப் படை நகரத்தைச் சுற்றி வளைத்துவிட்டது. அரசின் ஒரு பகுதி முன்கூட்டியே தென்மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தூர் என்ற ஊருக்குப் போயிருந்தது. தலைமை பாரிஸில் அடைபட்டிருக்க, படை திரட்ட வேண்டியவர்கள் தூரில் இருந்தார்கள். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ள வழி வேண்டும்.

ஒரு வழியை முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். சேன் நதியின் அடியில் ரகசியமாக ஒரு தந்திக் கம்பியைப் போட்டிருந்தார்கள். பிரஷ்யர்கள் சில நாட்களிலேயே அதைக் கண்டுபிடித்து அறுத்துப் போட்டார்கள். காட்டு வழியாகவும் நதி வழியாகவும் ஆட்களை அனுப்பிப் பார்த்ததில் தப்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

வெளியே போக ஒரு வழிதான் திறந்திருந்தது, அது வானம். செப்டம்பர் 23 அன்று துரூஃப் என்பவர் மோன்மார்த் மேட்டிலிருந்து நெப்டியூன் என்ற பலூனில் 125 கிலோ தபாலோடு கிளம்பி, பிரஷ்யர்களின் தலைக்கு மேலாகவே போய் எவ்ரூ நகர்ப் பக்கம் இறங்கினார். அதன்பிறகு முற்றுகை முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் போயின. ரயில் நிலையங்களில் ரயில் இல்லையே, அந்தப் பெரிய கொட்டகைகளில்தான் பலூன் தைத்தார்கள்.

பலூனில் ஒரு சங்கடம். அது காற்று போகும் பக்கம் போகும். பாரிஸிலிருந்து எங்கே போனாலும் பிரான்ஸில் ஏதோ ஒரு மூலையில் இறங்கினால் சரி. ஆனால் வெளியிலிருந்து கிளம்பிக் குறிபார்த்துப் பாரிஸுக்குள் இறங்க முடியாது. திசாந்தியே சகோதரர்கள் ரூவான் நகரிலிருந்து முயன்று பார்த்தார்கள். காற்று ஒத்துழைக்கவில்லை. போகிற தபால் இருக்கிறது, வருகிற தபால் இல்லை.

விலாசம் தெரியாத தூதன்

புறாவைப் பற்றி ஒரு தப்பெண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. இளவரசி மாடத்தில் நின்று புறாவின் காதில் ஏதோ சொல்லிப் பறக்கவிட, அது நேரே இளவரசன் தோளில் போய் உட்காரும். நடக்காத காரியம். புறாவுக்குத் தெரிந்த விலாசம் ஒன்றுதான், அது தன் சொந்தக் கூண்டு. எங்கே கொண்டுபோய் விட்டாலும் சூரியனையும் பூமியின் காந்தப் புலத்தையும் வாசனையையும் வைத்துத் திசை பிடித்து வீட்டுக்குத் திரும்பும். அது ஒருவழிப் பயணம். வடசென்னை மாடிகளில் ஹோமர் என்ற பந்தயப் புறா வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் பத்து கிலோமீட்டர், அப்புறம் இருபது, ஐம்பது என்று தூரத்தைக் கூட்டிக் கூட்டித்தான் பழக்குவார்கள்.

(நம் பாட்டியல் நூல்காரர்கள் தூதுக்கு அனுப்பத் தகுந்தவை என்று பத்தைச் சொன்னார்கள்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இதில் தோழியைத் தவிர ஒன்றும் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. நிஜமாகவே தபால் சுமக்கக்கூடிய புறாவுக்கோ பட்டியலில் இடமில்லை.)

சரி, பாரிஸுக்கு வேண்டியது என்ன? பாரிஸைப் பிறந்த வீடாகக் கொண்ட புறாக்கள் வெளியே இருக்க வேண்டும். பாரிஸில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் 'எஸ்பெரான்ஸ்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எஸ்பெரான்ஸ் என்றால் நம்பிக்கை. வான் ரூஸ்பெக், காசியே போன்ற அந்தச் சங்கத்துக்காரர்கள் சொன்ன யோசனை எளிமையானது: பலூனில் தபாலோடு எங்கள் புறாக்களையும் ஏற்றி அனுப்புங்கள், அவை தாமாகத் திரும்பி வரும்.

செப்டம்பர் 25 அன்று ஒரு பலூனில் மூன்று புறாக்களை அனுப்பிப் பார்த்தார்கள். அன்றைக்கே மூன்றும், பலூன் பத்திரமாக இறங்கிவிட்டது என்ற சேதியோடு கூண்டுக்குத் திரும்பின. அக்டோபர் 7 அன்று உள்துறை அமைச்சர் காம்பெத்தாவே பலூனில் கிளம்பினார். பலூன் மரத்தில் சிக்கி, அவர் ஒருவழியாகக் கீழே இறங்கிய சேதியும் புறா மூலம்தான் பாரிஸுக்கு வந்தது. போகும் தபாலுக்குப் பலூன், வரும் தபாலுக்குப் பலூனில் போன புறா என்று ஏற்பாடு நிலைத்தது. சங்கத்துக்காரர்களில் சிலர் தங்கள் பறவைகளோடு பலூனில் ஏறிப்போய் வெளியே தங்கிவிட்டார்கள். புறாவுக்கு எப்போது தீனி போடுவது, எந்த வானிலையில் விடுவது, வாலில் காம்பை எப்படிக் கட்டினால் பறக்க இடைஞ்சல் இருக்காது என்பதெல்லாம் அதிகாரிகளுக்குத் தெரியாத வித்தை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்து சேர்ந்த ஒவ்வொரு புறாவுக்குப் பின்னாலும் ஒரு பலூன் பயணம் இருக்கிறது. ஒரு புறா காட்டில் தொலைந்தால் உடனே இன்னொன்றைப் பிடித்து அனுப்ப முடியாது. கையிருப்பு குறைந்துகொண்டே போகும். ஆக, பறந்து வரும் ஒவ்வொரு வாலிலும் எவ்வளவு ஏற்ற முடியும் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

மோதிரக் கடைக்காரர்

முதலில் மெல்லிய தாளில் கையால் பொடி எழுத்தில் எழுதிக் கட்டினார்கள். பாரெஸ்வில் என்ற வேதியியல் அறிஞர், எழுதியதைப் படமெடுத்துச் சுருக்கினால் என்ன என்று கேட்டார். தூரில் அதைத் தொடங்கினார்கள். ஆனால் படத்தை அச்சடித்தது காகிதத்தில். காகிதத்தில் இழை இருக்கும். எழுத்தை ஓரளவுக்கு மேல் சுருக்கினால் இழையும் எழுத்தும் கலந்துவிடும்.

இதற்கு மேல் போகத் தெரிந்த ஆள் பாரிஸுக்குள் அடைபட்டிருந்தார். ரெனே தக்ரோன் என்ற புகைப்படக்காரர். 1859-லேயே நுண்படச்சுருளுக்குக் காப்புரிமை வாங்கியவர். அவருடைய பிழைப்பு என்னவென்றால், மோதிரத்திலும் பேனாக்கட்டையிலும் கடுகளவு லென்ஸ் வைத்து, அதற்குள் ஒரு படத்தை ஒளித்து விற்பது. திருவிழாக் கடையில் சாவிக்கொத்து வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தால் உள்ளே திருப்பதி பெருமாள் தெரிவாரே, கிட்டத்தட்ட அதே சரக்கு. வேடிக்கைச் சாமான் என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கிய இந்தக் கைவேலைதான் ஒரு தலைநகரத்தின் தபாலைத் தூக்கி நிறுத்தியது.

நவம்பர் 12 காலை தக்ரோனும் பொறியாளர் ஃபெர்னிக்கும் கருவிகளோடு ஒரு பலூனில் ஏறினார்கள். கூடவே இன்னொரு பலூனும் கிளம்பியது. புகைப்படக் கலையின் பிதாமகர்கள் பெயரை இரண்டுக்கும் சூட்டியிருந்தார்கள்: நியெப்ஸ், தகேர். தகேரைப் பிரஷ்யர்கள் சுட்டு இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதில் வந்த புறா வளர்ப்பாளர் நொபேகூரும் அவருடைய புறாக்களும் சிக்கினார்கள். தக்ரோன் இருந்த நியெப்ஸ், வித்ரி-லெ-பிரான்சுவா பக்கத்தில் எதிரி பிடித்து வைத்திருந்த பகுதியிலேயே இறங்கியது. சாமான்களில் ஒரு பங்கு பறிபோனது. குடியானவர் உடையில் மறைந்து மறைந்து நடந்து நவம்பர் 21 அன்று தூர் போய்ச் சேர்ந்தார்கள். வந்ததும் வேலை ஓடிவிடவில்லை. இழந்த கருவிகளுக்கு மாற்றுத் தேட வேண்டியிருந்தது. அதற்குள் பிரஷ்யர்கள் நெருங்கி வர, அரசே டிசம்பரில் இன்னும் தெற்கே போர்தோவுக்குப் பெட்டி கட்டியது. தக்ரோனின் படலங்கள் சீராக வெளிவரத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

அவர் செய்தது இதுதான். சேதிகளை முதலில் அச்சுக் கோத்துப் பெரிய பக்கங்களாக அடிப்பார்கள். பன்னிரண்டு அல்லது பதினாறு பக்கங்களைச் சேர்த்துப் படமெடுத்து, தீப்பெட்டிப் படத்தைவிடச் சற்றுப் பெரிய, கொலோடியன் என்ற ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தில் இறக்குவார். காகிதம் இல்லாததால் இழை இல்லை. ஒரு படலத்தில் சராசரி 3,000 சேதிகள். எடை 0.05 கிராம். இருபது படலம் சேர்ந்தால்தான் ஒரு கிராம். நம் ஒரு ரூபாய் நாணயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. ஒரே புறா 18 படலம் வரை சுமந்து வந்ததுண்டு.

நவம்பர் முதல் வாரத்தில் பொதுமக்களுக்கும் இந்தத் தபாலைத் திறந்துவிட்டார்கள். வார்த்தைக்கு 50 சாந்தீம், அதாவது அரை பிராங்க். சேதிக்கு 20 வார்த்தைக்கு மேல் கூடாது. நீட்டி முழக்க வழியில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வார்த்தையே இல்லாத ஒரு சேவை. பாரிஸில் இருப்பவர் ஒரு அட்டையில் நாலு கேள்விகளை எழுதிப் பலூனில் வெளியூர் உறவினருக்கு அனுப்புவார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக இருக்க வேண்டும். உறவினர் ஒரு பிராங்க் கட்டி, நாலுக்கும் ஆம் அல்லது இல்லை என்று குறித்துத் தபால் நிலையத்தில் கொடுப்பார். அந்த நாலு சொல் படலத்தில் ஏறிப் புறா வாலில் வரும். அம்மா இருக்கிறாளா, பணம் வந்ததா, அண்ணன் படையிலிருந்து திரும்பினானா என்றெல்லாம் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர் கையில் கடைசியில் ஆம், ஆம், இல்லை, ஆம் என்று ஒரு துண்டுச் சீட்டு. எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்டோம் என்று அவருக்குப் பாடமாக நினைவிருந்திருக்க வேண்டும்.

கணக்கு

மாதவாரியாகப் பார்த்தால் கதை கொஞ்சம் பயமுறுத்துகிறது. செப்டம்பர், அக்டோபரில் விட்டது 105, வந்தது 22. நவம்பரில் 83-க்கு 19. டிசம்பரில் 49-க்கு 12. ஜனவரியில் 43-க்கு மூன்றே மூன்று. பிப்ரவரி முதல் நாட்களில் 22-க்கு மூன்று.

ஜனவரியின் அந்த மூன்றுக்கு வல்லூறுதான் காரணம் என்று பாரிஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள். புறா வேட்டைக்காகப் பிரஷ்யர்கள் பழக்கிய வல்லூறுகளைக் கொண்டுவந்ததாக வதந்தி. வல்லூறும் வேட்டைக்காரர் துப்பாக்கியும் சிலவற்றைத் தின்றிருக்கும். ஆனால் என் கணிப்பில் பெரிய எதிரி அந்த வருடத்துக் குளிர்காலம். பகல் குட்டை, மூடுபனி, தரையெல்லாம் வெள்ளை. அடையாளம் பார்த்து வருகிற பறவைக்கு அடையாளமே இல்லை. பொழுது சாய்ந்தால் புறா பறக்காது, எங்காவது ஒதுங்கும், மறுநாள் காலை அதன் இறகு விறைத்துப் போயிருக்கும். நல்ல புறாக்கள் முதல் இரண்டு மாதங்களிலேயே செலவாகிவிட்டன. எஞ்சியவற்றில் தூரப் பறப்புக்குப் பழகாதவையும், ஏற்கெனவே ஒரு தடவை வந்து மறுபடி பலூன் ஏறியவையும் இருந்தன. தூரமும் கூடிவிட்டது. பறக்கவிடுகிறவர்கள் கூண்டை ரயிலில் ஏற்றிக்கொண்டு எதிரியின் காவல் வரிசைக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கினார்கள். ஆனாலும் அரசு போர்தோவுக்குப் போனபிறகு புவாத்தியே வட்டாரத்திலிருந்து, அதாவது முந்நூறு கிலோமீட்டர் தள்ளி விட வேண்டியிருந்தது.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். ஐந்தில் ஒரு புறாதான் வரும் என்றால், ஒரு சேதியை ஒரு புறாவிடம் கொடுத்தால் அது தொலைய நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. அதே சேதியின் நகலைப் பத்துப் புறாக்களிடம் கொடுங்கள். பத்தும் தொலைய நூற்றுக்குப் பதினொன்றுதான் வாய்ப்பு. இருபது புறாவிடம் கொடுத்தால் நூற்றுக்கு ஒன்று. ஜனவரி மாதம்போல நூற்றுக்கு ஏழு புறாதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும், இருபது நகல் போனால் சேதி வந்துசேர முக்கால் பங்கு வாய்ப்பு இருக்கிறது.

பாரிஸ் தபாலில் இதைத்தான் செய்தார்கள். ஒரு படலம் வந்துவிட்டது என்று பாரிஸிலிருந்து பலூனில் சேதி வரும்வரை, அதே படலத்தின் நகல்களை அடுத்தடுத்த புறாக்களில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். சில சேதிகள் இருபது தடவைக்கும் மேல் போயின. வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் படலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். இன்று வாட்ஸ்அப்பில் இரண்டாவது டிக் விழும்வரை சர்வர் சேதியைக் கைவிடாமல் வைத்திருந்து கொடுக்க முயல்கிறதே, அந்த யோசனைதான். அங்கே இரண்டாவது டிக் விழுவதற்குப் பலூன் கிளம்பி, பிடிபடாமல் இறங்கி, ஆள் வண்டி பிடித்து வந்தாக வேண்டும்.

தக்ரோனின் படலம் இல்லாமல் இது நடந்திருக்காது. நுண்படத்தின் பெருமையாக எல்லோரும் சொல்வது, ஒரே புறா ஆயிரக்கணக்கான சேதிகளைச் சுமந்தது என்பதை. அதைவிடப் பெரிய லாபம் வேறு என்பது என் கருத்து. கையெழுத்துத் தாளாக இருந்தால் நூறு சேதிக்கு நாலைந்து புறா வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு சேதியைச் சுமக்கும். ஒரு புறா விழுந்தால் அது சுமந்ததும் போச்சு. படலம் வந்தபிறகு எல்லாச் சேதியையும் எல்லாப் புறாவிலும் ஏற்ற முடிந்தது. ஒரு நகலுக்கு ஆகும் எடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆகவே ஒரு புறா தொலைவது பேரிழப்பாக இல்லாமல் போனது. மேலே சொன்ன மாதக்கணக்கில் வந்து சேரும் புறாக்கள் குறைந்துகொண்டே போகின்றன. தபால் மட்டும் நின்றுவிடவில்லை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான தனியார் சேதிகள் இப்படி உள்ளே வந்தன.

சறுக்கல்கள்

இந்த ஏற்பாட்டின் ஓட்டை பலூன் பக்கம் இருந்தது. தகேர் பிடிபட்டபிறகு பலூன்களை ராத்திரியில் அனுப்பினார்கள். ராத்திரியில் துப்பாக்கிக்குத் தப்பலாம், ஆனால் எங்கே போகிறோம் என்று பலூன்காரருக்கே தெரியாது. நவம்பர் 24 அன்று கிளம்பிய ஒரு பலூன் கடலைத் தாண்டி மறுநாள் நார்வேயின் பனிமலையில் போய் விழுந்தது. அதில் இருந்தது சாதாரணத் தபால் மட்டும் இல்லை. பாரிஸ் படை வளையத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரப் போகிறது, வெளியிலிருந்து நீங்களும் தாக்குங்கள் என்று தூருக்கு எழுதிய அவசரக் கடிதமும் இருந்தது. அது தூருக்குப் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. வரும் தபாலுக்கு இருபது நகல் வைத்தவர்கள், போகும் தபாலில் அப்படி ஒரு கடிதத்தை ஒற்றைக் கூடையில் வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொரு சறுக்கல், பிரஷ்யர்கள் செய்தது. தகேர் பலூனில் பிடித்த புறாக்களை அவர்கள் கறி வைத்துவிடவில்லை. டிசம்பரில் அவற்றின் வாலில் பொய்ச் சேதிகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ரூவான் விழுந்தது, லோவார் படை (வெளியே திரட்டிய பிரெஞ்சுப் படை) முழுத் தோல்வி, கிராமத்து மக்கள் பிரஷ்யர்களை வரவேற்கிறார்கள், இனி எதிர்த்து நிற்பதில் அர்த்தமில்லை என்கிற தோரணையில் இருந்தன அந்தச் சேதிகள். புறாக்கள் விசுவாசமாகத் தங்கள் கூண்டுக்கே வந்தன. யார் கட்டினார்கள் என்று புறாவுக்கு என்ன தெரியும்? ஆனால் அடியில் போட்டிருந்த கையெழுத்து லாவெர்த்யுஜோன் என்பவருடையது. அவரோ அரசு அலுவலராகப் பாரிஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து அவர் கடிதம் எழுத வழியே இல்லை. குட்டு உடைந்தது. உண்மையில் அந்தச் சேதியில் எல்லாமே பொய் இல்லை. ரூவான் அப்போது நிஜமாகவே பிரஷ்யர் கையில்தான் இருந்தது. பெயரைக் கொஞ்சம் விசாரித்துப் போட்டிருந்தால் நகரத்தின் மனசு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கடிதம் புறா வந்த வழியால் பிடிபடவில்லை, எழுதியவரின் அஜாக்கிரதையால் பிடிபட்டது. வருகிற சேதி நம் ஆளிடமிருந்துதான் வருகிறதா என்று சோதிக்கும் வழி இந்தத் தபாலில் பலவீனமாகத்தான் இருந்தது.

புறாவுக்குப் போட்டியாக வந்தவையும் உண்டு. மந்தை நாய்களைப் பலூனில் வெளியே அனுப்பி, கழுத்துப் பட்டையில் கடிதத்தோடு திரும்பி வரச் சொன்னார்கள். ஐந்து நாய்கள் போயின, ஒன்றும் வரவில்லை. துத்தநாகத் தகட்டில் பந்து செய்து, உள்ளே நூற்றுக்கணக்கான கடிதங்களை அடைத்து, வெளிப்புறம் சின்னச் சின்னத் துடுப்புகள் வைத்து, சேன் நதியின் மேல்பக்கத்தில் போட்டார்கள். நீரோட்டம் உருட்டிக்கொண்டு வரும், பாரிஸில் வலை கட்டிப் பிடிக்கலாம் என்பது திட்டம். ஐம்பதுக்கும் மேல் போட்டார்கள். முற்றுகை முடியும்வரை ஒன்றுகூட வலையில் விழவில்லை. மணலில் புதைந்து கிடந்தவை பிற்பாடு ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1968-ல்கூட ஒன்று ஆற்றிலிருந்து வெளிவந்தது. அதிலிருந்த கடிதங்கள் அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு வந்து சேர்ந்தன. பந்து விஷயத்திலும் நகல் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா? இல்லை. எல்லாப் பந்துக்கும் பாதை ஒன்று, தடை ஒன்று. ஒன்று மாட்டுகிற இடத்தில் ஐம்பதும் மாட்டும். புறாக்கள் தனித்தனியாகச் செத்தன. ஒன்றின் சாவு இன்னொன்றைப் பாதிக்கவில்லை. நகல் கணக்கு வேலை செய்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம்

1871 ஜனவரி 28 அன்று போர்நிறுத்தம். டிசம்பர் கடைசியிலேயே நகரத்தார் குதிரை, பூனை, எலியைக் கடந்து விலங்குக் காட்சிசாலையின் காஸ்டர், பொல்லக்ஸ் என்ற இரண்டு யானைகளையும் வெட்டிக் கறிக்கடையில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பசியில் கூரைமேல் வந்து உட்கார்ந்த தபால் புறாவை யாரும் கல்லால் அடிக்காமல் விட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு சிலர் அடித்தும் இருக்கலாம்.

பாரிஸைப் பார்த்து ஐரோப்பாவின் பெரிய ராணுவங்கள் பல அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் புறாக் கூண்டுகள் கட்டின. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் பறந்தன. அந்தப் போரிலிருந்து நாம் நினைவில் வைத்திருக்கும் கதைகள் இரண்டு. 1916 ஜூன் 4 அன்று வெர்தன் அருகே வோ கோட்டைக்குள் சிக்கிய பிரெஞ்சுத் தளபதி ரேனால், தன்னிடம் மிச்சமிருந்த ஒரே புறாவை விட்டார். அது விஷப்புகையைத் தாண்டி வந்து சேதியைச் சேர்த்துவிட்டுச் செத்தது. மூன்று நாளில் கோட்டை சரணடைந்தது. 1918 அக்டோபர் 4 அன்று ஆர்கோன் காட்டில் தங்கள் பீரங்கியே தங்களைச் சுட, அமெரிக்க மேஜர் விட்டில்சி அனுப்பிய ஷேர் ஆமி என்ற புறா. நெஞ்சில் குண்டு, கால் தொங்கல், இன்று பாடம் செய்யப்பட்டு வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் ஒற்றைக் காலில் நிற்கிறது. இரண்டும் கண் கலங்க வைக்கும். ஆனால் கடைசிப் புறா என்று ஒன்று இருக்கிறது என்றாலே அந்த இடத்தில் தபால் ஏற்கெனவே படுத்துவிட்டது என்று பொருள். பாரிஸ்காரர்கள் எந்தப் புறாவையும் கடைசிப் புறாவாக நம்பவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த 59-இல் ஒன்றின் பெயர்கூட நம் காதுக்கு வரவில்லை.

பாரிஸ் அவற்றை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையைச் செய்த பர்தோல்தியே பலூன்காரர்களுக்கும் புறாக்களுக்கும் ஒரு வெண்கலச் சின்னம் வடித்தார். 1906-ல் தெர்ன் வாசலில் அதைத் திறந்து வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்தபோது அது உலோகத்துக்காக உருக்கப்பட்டது.

எஞ்சிய நிஜப் புறாக்களின் கதை இன்னும் சுருக்கம். அரசுக்குச் சொந்தமாக இருந்தவற்றைப் போர் முடிந்ததும் பழைய மேசை நாற்காலி விற்கும் அரசுக் கிடங்கில் ஏலம் விட்டார்கள். சராசரியாக ஒன்று ஒன்றரை பிராங்குக்குப் போனது. முற்றுகை நடந்தபோது அதே புறா வாலில் மூன்று வார்த்தை அனுப்ப ஆன காசு அது.